ஊறப்போட்ட கோப்பைகள்

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குத் திருச்சியிலிருந்து கிளம்பினேன். வாடகைக் கார், டிரைவரோடு நாளுக்கு மூவாயிரம் ரூபாய். பின்சீட்டில் ஒரு பெட்டி நிறையத் தட்டுகளும் கோப்பைகளும். நான் கையால் செய்தவை, இன்னும் சுடாதவை. வாரம் முழுக்கக் கட்டட ஆபீசில் வீடுகளுக்கு வரைபடம் போடுகிறேன். மண்ணுக்குக் கிடைப்பது ஞாயிறு மட்டும். இந்தச் சனிக்கிழமையைக் கெஞ்சித்தான் லீவாக வாங்கினேன். உடையார்பாளையத்தில் தோழி ஜமீலா மதியம் சூளையை மூடுவாள். விட்டால் அடுத்த மாதம்தான்.

கீழப்பழுவூர் வழியாக நேராகப் போயிருக்கலாம். காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் ஆபீஸ் சார் கூப்பிட்டார்.

"பெரம்பலூர் சைட்ல படியைத் தப்பாக் கட்டிட்டாங்களாம். அஞ்சு நிமிஷம் எட்டிப் பாத்துட்டுப் போயிடுங்களேன்."

அந்த ஐந்து நிமிஷத்துக்காக அறுபது கிலோமீட்டர் வேறு திசையில் போனோம்.

கடைசிப் படி மட்டும் மற்றவற்றைவிட நாலு விரல் உயரமாக இருந்தது. வீட்டுக்காரர் செல்வராஜ், "ஒரு படிதானுங்களே, காலைக் கொஞ்சம் தூக்கி வச்சாப் போச்சு" என்றார்.

"கரண்ட் இல்லாதப்ப உங்க அம்மா இறங்கினா?"

படியில் ஒருமுறை ஏறி இறங்கிப் பார்த்தார். பிறகு இடிக்கச் சம்மதித்தார். அதற்குள் ஒன்றரை மணி நேரம் போயிருந்தது.

கீழே வந்தால் தண்ணீர்க் குழாயடியில் என் பெட்டி திறந்து கிடக்கிறது. பக்கத்தில் அவர் மனைவி தமிழரசி.

"நான்தாங்க டிரைவரை எடுத்தாரச் சொன்னேன். ஒரே தூசியா இருந்துச்சு. கோப்பையெல்லாம் கழுவிக் குடுத்துரலாம்னு ஊறப்போட்டேன்."

வாளியை எட்டிப் பார்த்தேன். சுடாத மண் தண்ணீரில் நிற்குமா? பிடியும் இல்லை, விளிம்பும் இல்லை. அடியில் பழுப்புச் சேறு. நல்லவேளை, தட்டுகள் இன்னும் பெட்டியிலேயே இருந்தன.

"என்னங்க இது, கரைஞ்சிடுச்சு?" ஏதோ மட்டமான சாமானை அவர் தலையில் கட்டியவளைப் போல என்னைப் பார்த்தார்.

என் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வாளியில் இருந்தன. நாக்கு நுனிக்கு வந்ததை விழுங்கினேன். இந்த வீட்டு வேலை முடிய இன்னும் ஆறு மாதம் இருக்கிறது.

"கோவமாங்க?"

"இல்லைங்க." சுத்தப் பொய்.

அங்கிருந்து அரியலூர் முப்பது கிலோமீட்டர்தான். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்ததில் ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. உடையார்பாளையம் சேர்ந்தபோது மணி இரண்டரை. ஜமீலா சூளைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"உனக்காகச் சோறுகூடத் திங்காம நிக்கிறேன்டி. எங்க கோப்பை?"

சொன்னேன். சிரித்துவிட்டாள். முதலில் எரிச்சல் வந்தது. பிறகு நானும் சிரித்தேன். தட்டுகளை அடுக்கினோம். மிச்ச இடத்தில் அவளுடைய விளக்குகள் ஏறின.

"திங்கக்கிழமை சாயங்காலம் சூடு ஆறிடும். நீயே வந்து திற."

"திங்கக்கிழமை எனக்கு ஆபீஸ் இல்லையா?" என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். ஒரு வாரத்தில் இரண்டு லீவு கேட்டால் சார் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்.

திரும்பும்போது கீழப்பழுவூரில் டீ குடிக்க நிறுத்தினோம். சார் மறுபடி கூப்பிட்டார்.

"திங்கக்கிழமை பெரம்பலூர் போய் அந்தப் படியை நின்னு முடிச்சுக் குடுத்துடுங்க. ஆபீஸ் கார்லயே போயிடலாம். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும்."

"சரி சார்."

"என்னம்மா, உடனே சரின்னுட்டீங்க?"

ஒன்றுமில்லை என்று போனை வைத்தேன். பெரம்பலூரிலிருந்து உடையார்பாளையத்துக்கு மத்தியானம் எத்தனை மணிக்கு பஸ் என்று டிரைவரிடம் கேட்டேன்.