ஏங்க, கொஞ்சம் தள்ளுங்க

நம்பினால் நம்புங்கள். டாக்டருக்குப் படித்த நானே இன்னும் முழுதாக நம்பவில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

கிர்கிஸ்தானில், நாரின் பக்கத்து மலையூரில் ஒரு சின்ன மருத்துவமனை. அங்கே ஸ்கேன் பார்ப்பது நான் ஒருத்திதான். ஆம்புலன்ஸ் ஓட்டியவர் என் கணவர். போன குளிர்காலத்தில் கணவாயில் பனி சரிந்து அவரை மூடிவிட்டது. தேடப் போன எல்லோரும் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். நான் மட்டும் "ஏங்க... ஏங்க..." என்று கத்தினேன். எங்கள் குடும்பத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. இப்போது வீட்டில் பேச ஆளில்லை. தேநீருக்கு ஒரே ஒரு கிண்ணம்தான் எடுக்கிறேன்.

அன்று பிற்பகல் வெளியே பனி கொட்டியது. கோக்-பொரு என்ற குதிரையாட்டத்தில் கீழே விழுந்த தீலேக் என்பவனைத் தூக்கி வந்தார்கள். அவனுக்கு நினைவில்லை. அவன் மனைவி பெர்மெத் என் கையை விடவே இல்லை.

"அக்கா, மண்டையில ஓட்டை போடுவீங்களா?"

"ஓட்டையும் இல்ல, ஊசியும் இல்ல. மூடின கண்ணு மேல இந்த ஸ்கேன் கருவியை வெச்சுப் பார்ப்பேன். மண்டைக்குள்ள அழுத்தம் ஏறினா, கண்ணுக்குப் பின்னாடி நரம்போட உறை வீங்கிடும்."

"வீங்கியிருந்தா?"

"உடனே பிஷ்கெக் பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். வீங்கலைன்னா இந்தப் பனியில அசைக்கவே கூடாது. போயி டிரைவரை இருக்கச் சொல்லு, ஓடு!"

ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது.

இமைமேல் ஜெல் தடவிக் கருவியை வைத்தேன். திரையில் கண் கறுப்பு உருண்டையாகத் தெரிந்தது. நினைவில்லாதவன் கண் சும்மா கிடக்க வேண்டும்.

நகர்ந்தது.

கதவுப் பக்கம் திரும்பியது. கதவு திறக்கவில்லை. பிறகு மெல்ல... சுவரோரமாக... எதையோ தொடர்வதுபோல் வந்து... என் முதுகுப் பக்கம் நின்றது.

சளக்... சளக்... ஈர பூட்ஸ் சத்தம்.

டீசல் வாடை.

நான் திரும்பவில்லை. கண் நேராக நிற்காமல் அளவெடுக்க முடியாது. அளவில்லாமல் இவனை அனுப்பவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது.

என்னை அறியாமல் வாயில் வந்தது.

"ஏங்க... கொஞ்சம் தள்ளுங்க."

கண் நேரானது.

நரம்புறை ஆறரை மில்லிமீட்டர். ரொம்ப அதிகம்.

அனுப்பினேன். பிழைத்தான்.

கோடையில் ஒரு பாட்டில் புளித்த குதிரைப்பால் குமிஸோடு பார்க்க வந்தான். பழைய ஆள்போலச் சிரித்தான்.

"அக்கா, அன்னிக்கு உங்க பின்னாடி நின்னாரே, தொப்பியெல்லாம் பனியா, முகமே தெரியாம... நீங்க தள்ளச் சொன்னதும் என் பக்கத்துல வந்து உக்காந்துட்டாரு. பிஷ்கெக் வரைக்கும் கூடவே வந்தாரு. யாருக்கா அவரு?"

"ஏதாவது பேசினாரா?"

"ஒண்ணே ஒண்ணைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாரு. 'அவ இன்னும் என் பேரைச் சொல்லலையா?'"

தினமும் கிண்ணத்தைக் கழுவும்போது அந்தப் பெயர் நாக்கு நுனி வரை வருகிறது. சொன்னால் கதவு திறந்துவிடுமோ என்று பயம். திறக்காமலே போய்விடுமோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

இன்னும் சொல்லவில்லை...