குழி வெட்டுகிறவர்களுக்கு ஒரு போத்தல்

அண்ணனின் மரணத்தை அறிவித்துக்கொண்டு கல்லடி ஒழுங்கைகளில் திரிந்த ஓட்டோ, 'திடீர் சுகவீனம்' என்று கத்தியது. திடீராம்! மஞ்சள் பூத்த கண்ணோடும் வீங்கிய வயிற்றோடும் ஆறு வருஷமாக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த மனிதனுக்கு என்ன திடீர் வேண்டிக் கிடக்கிறது? சாராயம் குடித்துச் செத்தார். அவ்வளவுதான்.

தம்பியும் அதே வழியில் போனவன்தான். அண்ணன் இரத்தமாக வாந்தி எடுத்ததைக் கண்ட அன்றோடு விட்டுவிட்டான். எட்டு மாதமாக ஒரு சொட்டும் தொடவில்லை. செத்த வீட்டில் அழுதுகொண்டே அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவனாவது மிஞ்சட்டும் என்பதுதான் எனக்கிருந்த ஒரே நினைப்பு.

காலையில் பந்தல் போட வந்தவர்களில் ஒருவர், அண்ணனோடு கூடியிருந்து குடித்தவர், என் முன்னால் வந்து தலையைச் சொறிந்தார்.

"தங்கச்சி, குழி வெட்டப் போற ஆக்களுக்கு ஒண்டும் இல்லையா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் பக்கத்து வழக்கம் இது. எதனால் செத்தாலும் குழி வெட்டுகிறவர்களுக்கு வீட்டுக்காரர் போத்தல் கொடுக்க வேண்டும். புதைக்கிற சவக்காலை முழுவதும் மணல். இரண்டு பேர் நின்றால் ஒரு மணித்தியால வேலை. அதற்குக் குடிக்காமல் கை வராதாம்!

"அவர் குடிச்சுத்தானே செத்தவர்? உங்களுக்கு வெக்கமா இல்லையா?" என்றேன்.

"அதுக்கு என்ன செய்யிற தங்கச்சி? முறை எண்டு ஒண்டு இரிக்கிதானே."

பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த அண்ணனின் மனைவி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "குடுத்தனுப்புங்க மச்சாள். இல்லாட்டி ஊர் கதைக்கும்."

ஊர் கதைக்குமாம். அண்ணன் வெறியில் இவளைப் போட்டு அடித்தபோது வாயில் கொழுக்கட்டை வைத்திருந்த ஊர் அது.

ஆனால் ஊரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நான் பள்ளிக்கூட ரீச்சர். மதுவின் தீமைகள் என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குக் கட்டுரை கொடுக்கிறவள். அன்று நானும் ஊர் வாய்க்குப் பயந்தேன். மோட்டார் சைக்கிளோடு வாசலில் நின்ற தம்பியைத்தான் கூப்பிட்டேன்.

"நான்தான் போகணுமா அக்கா?" என்று கேட்டான்.

"கெதியாப் போட்டு வா மனே, நேரம் போகுது" என்றேன். அவன் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. போத்தலை வாங்கிச் சவக்காலைக்குக் கொண்டுபோய், வீட்டு ஆம்பிளை என்ற முறையில் அவனே ஊற்றிக் கொடுத்திருக்கிறான். அண்ணனுக்காக ஒரு வாய் எடு என்று அந்தப் பாவிகள் கையில் திணித்திருக்கிறார்கள். மண் போட்டுவிட்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதபோது சாராயம் மணத்தது. இன்றைக்கு மட்டும்தான் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

அண்ணன் போய் ஒரு வருஷம். போன கிழமை தம்பியை வார்ட்டில் சேர்த்தோம். அவனுக்கும் கண் மஞ்சள். டாக்டர் பழைய கிளினிக் கொப்பியைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"எட்டு மாசம் நிப்பாட்டினவர் எண்டு இரிக்கி. நல்லா வந்த ஆள். திரும்ப எப்ப தொடங்கினவர்?"

தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான் வாங்கிவரச் சொன்ன அண்டைக்கு" என்றேன்.