டவர் அக்காவின் நாலு கோடு

வண்டி இன்னும் முழுசாக நின்றிருக்காது. அதற்குள் முன்பக்க ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே நீளும். கையில் செல்போன். கை மேலே போகும், கீழே வரும், வலப்பக்கம் சாயும். உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும்.

"முன்னாடி போங்க... இன்னும் கொஞ்சம்... ரெண்டு கோடு... மூணு... ஐயோ, போச்சு. பின்னாடி வாங்க, பின்னாடி... ஆங்! நிறுத்துங்க, நிறுத்துங்க. நாலு!"

சிக்னல் நாலு கோடு காட்டும் இடம்தான் அன்றைக்கு வீடு. பக்கத்தில் தண்ணீர்க் குழாய் இருக்கிறதா, எதிரே குப்பைத் தொட்டி இருக்கிறதா என்பதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வீடாகவே ஓடும் கேரவன் வண்டிகள் வரிசையாகத் தங்கும் மைதானங்களில் இந்தக் கையைத் தெரியாதவர்கள் குறைவு. கைக்குச் சொந்தக்காரருக்கு அங்கே டவர் அக்கா என்று பெயர். ஐம்பத்தாறு வயது, குட்டையான உருவம், மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி, கழுத்தில் எந்நேரமும் ஒரு ஹெட்ஃபோன். குளிக்கப் போகும்போது மட்டும்தான் அதைக் கழற்றுவார் என்பார்கள். அதுவே சந்தேகம்தான் என்று சொல்பவர்களும் உண்டு.

ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் அக்காவின் கணவர். இவர் எல்லாருக்கும் அக்கா ஆகிவிட்ட பிறகு அவர் மாமா ஆகாமல் வேறு என்ன ஆவார்? டிரைவர் மாமா. முப்பத்து நாலு வருஷம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இந்த உலகத்தில் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான், நிழல்.

"வெயில்லயே வெந்தவன்மா நான். மிச்ச காலமாவது ஒரு மரத்தடியில நிக்கறேனே."

"மரத்தடியில நெட்டு வராதுங்க. நெட்டு வரலைன்னா மரமும் கிடையாது, வண்டியும் கிடையாது."

போகிற இடமெல்லாம் இதே வழக்குதான். மரம் தெரிகிற பக்கம் மாமாவின் ஸ்டியரிங் தானாகச் சாயும். வெளியே நீட்டியிருக்கும் கை 'ம்ஹூம்' என்று ஆடும். தீர்ப்பு எப்போதும் கையின் பக்கம்தான்.

இதை வைத்து அக்காவைப் பிடிவாதக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் பார்க்கும் வேலை அப்படி. எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர் சிவப்புப் பொத்தானை அழுத்துவார் இல்லையா? அந்த அழைப்பு இன்டர்நெட் வழியாக ஓடிவந்து அக்காவின் காதில்தான் விழும். மெக்கானிக்கை அனுப்பிவிட்டு, அவர் போய்க் கதவைத் திறக்கும்வரை உள்ளே இருப்பவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். காலை ஒன்பதிலிருந்து மூன்று மணிவரை வேலை. பதினெட்டு வருஷம் ஆபீஸில் உட்கார்ந்து பார்த்தார். மாமா ஓய்வு பெற்றபோது, வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று ஆபீஸில் சொன்னார்கள். "வீட்டுக்குச் சக்கரம் இருக்கக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா மேடம்?" என்று மேலதிகாரியிடம் கேட்டவர் நம் அக்கா. எழுதியிருக்கவில்லை.

ஆனால் வேறொன்று எழுதியிருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போது இருபது விநாடி இணைப்பு போனால் அது ஒரு தவறு. ஒரு வருஷத்தில் மூன்று தவறானால் மறுபடி ஆபீஸ் நாற்காலி. அக்கா கணக்கில் ஏற்கெனவே இரண்டு விழுந்துவிட்டன. ஒன்று, புயல் மழையில் போனது. இன்னொன்று, மைதானத்தில் இலவசமாகக் கொடுக்கும் வைஃபையை நம்பிப் போனது. அக்கம்பக்கத்து வண்டிகளிலெல்லாம் ஒரே நேரத்தில் படம் பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். அன்றிலிருந்து மைதானத்து வைஃபை என்று யாராவது வாயெடுத்தாலே அக்காவுக்கு ஆகாது. இரண்டு கம்பெனி சிம் போட்ட, சோப்பு டப்பா அளவிலான சொந்த வைஃபை பெட்டி ஒன்றை வாங்கி மேஜை ஓரத்தில் வைத்துவிட்டார். மூன்றாவது தவறு விழுந்தால் கேரவனை விற்க வேண்டியதுதான். ஏரியும் மலையும் போய், பழையபடி மூன்றாவது மாடி வீடும் எதிர்வீட்டு மொட்டைச் சுவரும். அதுதான் அக்காவின் பயம். பேசுவதற்கு இரண்டு கோடே போதும் என்று அவருக்கும் தெரியும். மேலே இருக்கும் இரண்டும் அந்தப் பயத்துக்கு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆபீஸ் இருந்தது ஏழாவது மாடியில். பதினெட்டு வருஷமும் அக்கா படியேறித்தான் போனார். கேட்டால், "உள்ள இருந்து வர்ற குரலை நான் கேட்டிருக்கேன். நீங்க கேட்டதில்ல," என்பார்.

அந்தக் குரல்களுக்கு அக்கா வைத்திருக்கும் மருந்து தனி. 'பயப்படாதீர்கள்' என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. "அப்படிச் சொன்னாதான் பயமே வரும்," என்பார். எடுத்த எடுப்பில் அவர் கேட்பது இதுதான்: "பையில என்ன வெச்சிருக்கீங்க? ஒண்ணொண்ணா எடுத்துச் சொல்லுங்க பாப்போம்." சாவி, சீப்பு, பாதி தின்ற சாக்லேட், போன வருஷத்து மருந்துச் சீட்டு என்று அவர்கள் எடுத்து வைக்க வைக்க மூச்சு சீராகும். பை காலியாவதற்கும் மெக்கானிக் வருவதற்கும் சரியாக இருக்கும். ஒரு அம்மாளின் கைப்பையில் மட்டும் கதவு திறந்த பிறகும் சரக்கு தீரவில்லை. "கொஞ்சம் இருப்பா, இன்னும் முடியல," என்று மெக்கானிக்கை நிற்க வைத்துவிட்டு அந்த அம்மாள் பாக்கியையும் சொல்லி முடித்தாராம்.

போன மாதம் ஒரு ஏரிக்கரையில் தங்கினார்கள். நாலு கோடு, பொட்டல் வெளி, மருந்துக்கும் நிழல் கிடையாது. பதினொரு மணிக்குள் வண்டி அடுப்பில் ஏற்றிய பாத்திரமாகக் கொதித்தது. அக்கா கழுத்தில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு லிஃப்ட்காரர்களோடு பேசினார். மாமாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அக்காவின் விடுமுறை நாள் வந்தது. துணி மூட்டையோடு மைதானத்துச் சலவை அறைக்குப் போனவர் திரும்ப மூன்று மணி நேரம் ஆனது. அதற்குள் மாமா கடைக்குப் போய், வெயிலைத் திருப்பி அனுப்பும் அலுமினியத் தாளில் ஒரு பெரிய சுருள் வாங்கிவந்து, கேரவனின் உட்புறம் முழுக்க ஒட்டி முடித்திருந்தார். கூரை, சுவர், ஜன்னல், கதவு என்று ஒரு விரற்கடை விடவில்லை. அக்கா உட்காரும் மேஜைக்குப் பக்கத்து ஜன்னலுக்கு மட்டும் இரண்டு மடிப்பு.

"என்னங்க இது? பிஸ்கட் பொட்டலத்துக்குள்ள வந்த மாதிரி இருக்கு!"

"சூடு இருக்கா, அதைச் சொல்லு."

சூடு இல்லை. அக்காவுக்கு மனசும் சேர்ந்து குளிர்ந்துவிட்டது. விடுமுறையில் அவர் செல்போனையும் கம்ப்யூட்டரையும் தொடுவதில்லை என்பதால் அன்று வேறெதுவும் தெரியவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணி. கதவைக் காற்றுக்குத் திறந்து வைத்து அக்கா வேலைக்கு உட்கார்ந்தார். இரண்டு கோடுதான் வந்தது. எந்த இடத்தில் எத்தனை கோடு என்று எழுதிவரும் நோட்டை எடுத்துப் பார்த்தார். ஏரிக்கரை, நாலு என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. "ராத்திரியோட ராத்திரியா டவரை எவனாவது தள்ளி வெச்சுட்டானா?" என்று முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போதே அழைப்பு வந்துவிட்டது.

கேக் டெலிவரி செய்யும் ஆள். "மேடம், லைட்டும் போச்சு மேடம். மூச்சு முட்டுது."

"மெக்கானிக் கிளம்பிட்டார் சார். கையில என்ன வெச்சிருக்கீங்க?"

"மூணடுக்கு கேக் மேடம். கீழ வெச்சா சாஞ்சுடும்."

"அப்ப நீங்களும் கேக்கும் சேர்ந்தே உட்காருங்க. மெதுவா. ஆங். இப்ப தோள் பையைத் திறங்க."

அந்த நேரம் பார்த்து வெளியே ஒருவர் புல்வெட்டும் மெஷினைக் கிளப்பினார். அக்காவுக்குத் தொந்தரவாக இருக்குமே என்று மாமா பூனை மாதிரி வந்து கதவை வெளியிலிருந்து சாத்தினார். காற்றில் ஆடிச் சத்தம் போடக் கூடாது என்று அதன்மேல் முதுகைக் கொடுத்துச் சாய்ந்தும் நின்றுகொண்டார்.

உள்ளே ஒரு கோடுகூட இல்லை. "சார்? சார், கேக்குதா?" பதில் இல்லை. திரையில் சிவப்பு எண்கள் ஓட ஆரம்பித்தன. மூன்று, நாலு, ஐந்து. அக்கா வைஃபை பெட்டியை எடுத்து உதறினார். எட்டு, ஒன்பது. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து அண்ணாந்து பார்த்தார். வெள்ளிக் கூரையில் அவர் முகம் மங்கலாகத் தெரிந்தது. அதைப் பார்த்ததும்தான் பொறி தட்டியது: வெயிலைத் திருப்பி அனுப்பும் தாள் சிக்னலையும் திருப்பி அனுப்புகிறது.

ஒரு கையில் கம்ப்யூட்டர், இன்னொரு கையில் பெட்டி. கதவைக் காலால் உதைத்தார். திறக்கவில்லை. பதிமூன்று.

"என்னங்க! நகருங்க!"

அப்படியொரு குரலை மாமா முப்பது வருஷத்தில் கேட்டதில்லை. துள்ளி விலகினார். அக்கா படியில் தடுமாறி வெயிலில் வந்து விழாத குறையாக நின்றார். பதினாறு. பதினேழு.

"...லோ? மேடம்? மேடம், இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். இங்கயேதான் இருக்கேன். பையில முதல்ல என்ன இருக்கு, சொல்லுங்க."

சிவப்பு எண்கள் மறைந்தன. அக்கா வண்டிப் படியிலேயே உட்கார்ந்து, கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டார். காலை வெயில் சுள்ளென்று மண்டையில் இறங்கியது. மாமா உள்ளே ஓடிக் குடையைக் கொண்டுவந்து விரித்தார். குடையின் மேல்பக்கம் முழுக்க வெள்ளிப் பூச்சு. அக்கா கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். மாமா குடையைத் தேளைப் பிடித்தவர் மாதிரி கீழே போட்டுவிட்டு, படுக்கை விரிப்பை உருவிவந்து இரண்டு கைகளாலும் அக்காவின் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தார். மெக்கானிக் வர முப்பத்தைந்து நிமிஷம் ஆனது. அதுவரைக்கும் கையை இறக்கவில்லை. புல்வெட்டுகிறவர் மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

கடைசியில் கேக் சாயாமல் வெளியே வந்தது. அதைச் சுமந்தவரும் வந்தார். மூன்று மணிக்கு அக்கா ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கியபோது மாமா படியோரம் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மூணாவதும் விழுந்திருக்கும். என்னாலதான் எல்லாமே போயிருக்கும். இப்பவே எல்லாத்தையும் பிச்சு எறிஞ்சுடறேன்."

அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "சட்டைப் பையில என்ன இருக்கு?"

"என்ன?"

"ஒண்ணொண்ணா எடுத்துச் சொல்லுங்க பாப்போம்."

மாமா முறைத்துப் பார்த்தார். பிறகு எடுத்தார். வண்டிச் சாவி. கைக்குட்டை. அளவெடுக்கும் டேப். நாலாக மடித்த ஒரு தாள். தாளை மட்டும் திரும்ப உள்ளே வைக்கப் போனார். அக்கா பறித்துப் பிரித்தார். வண்டிக்குள் ஒவ்வொரு ஜன்னலின் அகலமும் உயரமும் இஞ்ச் இஞ்சாக எழுதியிருந்தது. மேஜை ஜன்னலுக்கு நேரே, முன்பு பஸ் டைம் குறித்துவைத்த அதே கையெழுத்தில் இன்னொரு வரி: 'பத்தே முக்காலிலிருந்து ஒன்று இருபதுவரை வெயில் அவள் முகத்தில்.' அதற்குக் கீழே ஆறு நாள் தேதிகள்.

அக்கா அதை இன்னொரு முறை படித்தார். தாளை மடித்துத் தன் கோடு நோட்டுக்குள் வைத்தார். உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்து, மேஜை ஜன்னலில் இருந்த தாளை மட்டும் வெட்டியெடுத்தார். வைஃபை பெட்டியை அந்த ஜன்னலில் சாய்த்து வைத்தார். கோடு திரும்ப வந்தது. கூரையிலும் சுவரிலும் இருந்ததைப் பிய்க்க மாமாவை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அடுத்த மைதானம். கேரவன் ஊர்ந்தது, கை வெளியே வந்தது. "முன்னாடி... இன்னும் கொஞ்சம்..." பொட்டலின் நடுவில் நாலு கோடு வந்தது. மாமா வழக்கம்போல பிரேக்கை மிதித்தார். ஆனால் 'ஆங்' என்ற சத்தம் வரவில்லை. கை பின்பக்கமாகத் திரும்பி, இருபதடி தள்ளி நின்ற ஒரு பெரிய மரத்தைக் காட்டியது. மாமா புரியாமல் கண்ணாடியைப் பார்த்தபடி பின்னால் எடுத்தார். கூரையில் நிழல் விழுந்தது.

"எத்தனைம்மா?" என்றார், பயந்துகொண்டே.

"மூணு."

"அப்ப முன்னாடியே போயிடறேன்."

கை செல்போனை உள்ளே போட்டுவிட்டு மறுபடி வெளியே வந்தது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கண்டக்டர் தட்டுவதுபோல, வண்டியின் பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டியது.