டீச்சருக்குப் பார்த்த ஜீப்

பழைய வண்டியைப் பார்த்துச் சொல்லும் தொழிலில் யாரும் நம்மிடம் அபிப்பிராயம் கேட்க வருவதில்லை. மனதுக்குள் வாங்கி முடித்துவிட்ட வண்டிக்குத் தலையாட்ட ஓர் ஆள் தேடித்தான் வருகிறார்கள். சேலையூரில் உட்கார்ந்துகொண்டு பதினேழு வருடமாக இதைத்தான் செய்கிறேன். ஃபோர் வீல் டிரைவ் ஜீப் என்றால் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் முதலில் எனக்குத்தான் போன் வரும். குறை சொன்னால் விற்பவனுக்கு ஆகாது, சொல்லாவிட்டால் வாங்கியவன் விடமாட்டான். சொந்தத்தில் ஒரு பெண்ணுக்காக மாப்பிள்ளை விசாரிக்கப் போய் இரண்டு வீட்டிலும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உங்களில் இருந்தால் என் பிழைப்பு உங்களுக்குப் புரியும். அடுத்தவர் அசட்டுத்தனத்தைச் சொல்லிச் சிரிக்க வைப்பது எனக்குக் கைவந்த கலை. இந்தத் தடவை அசடு நான்.

வாரம் மூன்று நாள்

ஸ்டெல்லா டீச்சர் போன் செய்தது செப்டம்பரில். பள்ளிக்கரணையில் சதுப்பு நிலத்தை ஒட்டிய தெருவில் வீடு, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணவர் ஜெயராஜ் சாருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு தாம்பரத்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். காரில் கூட்டிப்போய்க் கூட்டிவருவது டீச்சர்தான். அந்தச் சின்னக் காருக்கோ முதல் மழைக்கே தெருமுனையில் மூச்சு நின்றுவிடும்.

தண்ணீரில் போகும் ஜீப் ஒன்று வேண்டும் என்று டீச்சர் தானே தேடி, ஒரே கம்பெனியின் ஒரே மாடலில் இரண்டைப் பிடித்து வைத்திருந்தார். ஒன்று பழைய தலைமுறை, பதிமூன்று வயது. மற்றது புதிய தலைமுறை, நான்கு வயது. எதை வாங்குவது என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வியை என்னிடம் கேட்பவர்கள் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போகிறவர்கள். பழசில் கெத்து, புதுசில் ஏசி என்று ஏதாவது சொல்லி அனுப்பிவிடுவேன். டீச்சரிடமும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அவர் என்னை முடிக்க விடவில்லை.

“போன மழைக்கு ஒரு தடவை தவறிப்போச்சு சார். ரெண்டு ராத்திரி படுக்க முடியாம, மூச்சு வாங்கிக்கிட்டு உட்கார்ந்தே இருந்தார். இன்னொரு தடவை தவறக் கூடாது.”

குறை கிடைக்காத வண்டி

புதுசைப் பெருங்களத்தூர் அபார்ட்மென்ட் ஒன்றில் போய்ப் பார்த்தோம். ஐடி கம்பெனிப் பையன் ஒருவன் வைத்திருந்தான். கண்ணாடி மாதிரி வைத்திருந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். ஃபோர் வீலுக்குப் போக சீட்டில் உட்கார்ந்தபடி ஒரு சுவிட்சைத் திருப்பினால் போதும், மற்றதை வண்டியே பார்த்துக்கொள்ளும். டீச்சர் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கியபோது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அந்தத் தெளிவைக் கெடுத்தவன் நான்தான்.

ஒரு மணி நேரம் தேடியும் குறை கிடைக்காவிட்டால் எனக்கு உடம்பு அரிக்கும். கடைசியில் டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து அணைந்தது. பேட்டரி பழசு, மாற்ற வேண்டும் என்றான் பையன். அது உண்மையாகவும் இருந்திருக்கும். நான் விடவில்லை. இதில் முழுக்க சென்சார், ஒன்றில் தண்ணீர் போனாலும் நடுரோட்டில் கையை விரித்துவிடும், பழசில் இந்தத் தொல்லையே கிடையாது என்று டீச்சர் காதுபடப் பத்து நிமிஷம் பிரசங்கம் செய்தேன். பையன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்.

“அங்கிள், நீங்க இந்த வண்டிக்குக் குறை சொல்றீங்களா, இல்ல புதுசா வர்ற எல்லாத்துக்குமா?”

பம்மல் சேறு

பழசு பம்மலில் மெக்கானிக் பாபுவின் ஒர்க்‌ஷாப்பில் நின்றது. முன்பு தோல் கிடங்காக இருந்த இடம்; பின்னால் காலி மனை, முந்தின நாள் மழையில் சேறாகிக் கிடந்தது. எனக்கு அதைவிட நல்ல பரீட்சை மண்டபம் கிடைக்காது. நானே ஓட்டுகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பழைய தலைமுறையில் உள்ளே இருக்கும் ஃபோர் வீல் லீவரை இழுத்தால் மட்டும் போதாது. கீழே இறங்கி, முன்சக்கரம் இரண்டின் நடுவிலும் இருக்கும் குமிழைத் திருகி லாக்கில் வைக்க வேண்டும். ஹப் லாக் என்போம்; லாக்கை எடுத்துவிட்டால் ஃப்ரீ. அதை வைக்காவிட்டால் லீவர் விழும், விளக்கு எரியும், முன்சக்கரம் மட்டும் இழுக்காது. நான் இறங்கி இரண்டையும் திருகினேன். என்ன திருகுகிறீர்கள் என்று டீச்சர் பக்கத்தில் வந்து கேட்டார். என் காது எஞ்சின் சத்தத்தில் இருந்தது. ஒன்றுமில்லை டீச்சர், வழக்கமாகப் பார்ப்பதுதான் என்றேன். ஜீப் அச்சு வரை புதைந்து, கனைத்துக்கொண்டு வெளியே வந்தது. பாபு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தான்.

“இதுல கெட்டுப்போறதுக்கு இன்னா கீது சார்? எதுனா இருந்தாத்தானே கெடும்.”

ஜெயராஜ் சாரின் ஓட்டு

முடிவு எடுக்கும் அன்று டீச்சர் வீட்டுக்குப் போனேன். டீச்சருக்கு மனசு புதுசின் மேல்தான் இருந்தது. அவர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சென்சாரைப் பற்றி மட்டும் மறுபடி மறுபடி கேட்டார். நானும் மறுபடி மறுபடி பயமுறுத்தினேன். ஜெயராஜ் சார் ஊசி ஏறி ஏறித் தடித்துப்போன இடது கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வருடம் ஆபீஸ் வேலை பார்த்தவர், குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர். அன்றும் மெதுவாகத்தான் சொன்னார். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்ததை இப்போது நினைத்தால் கூசுகிறது.

“நமக்கு இதுல என்ன தெரியும் ஸ்டெல்லா? சார் கையை வச்ச வண்டியை எடு.”

பாபுவின் உபகாரம்

டெலிவரி அன்று பாபு ஜீப்பைக் கழுவி, ஆயில் மாற்றி, முன்னால் ஒரு எலுமிச்சம்பழமும் வைத்திருந்தான். டீச்சர் ஜெபம் செய்துவிட்டு ஏறினார். பழத்தை யாரும் எடுக்கவில்லை, இரண்டு சாமியும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம். லீவரை எப்போது இழுக்க வேண்டும் என்று நான் விளக்கினேன். டீச்சர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். குமிழைப் பற்றி அந்த நோட்டில் ஒரு வரி இல்லை, ஏனென்றால் நான் சொல்லவில்லை. எனக்கு அது செருப்பு மாட்டுவது மாதிரி. சொல்லித்தர வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

அந்தக் குமிழை மழைக்காலம் முழுக்க லாக்கிலேயே விட்டிருந்தாலும் வண்டிக்கு ஒன்றும் ஆகாது, கொஞ்சம் டீசல் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் பாபு நல்ல மனசுக்காரன். டீச்சர் போன பிறகு என்னிடம் சொன்னான், நானும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போனேன்.

“டீச்சருக்கு எதுக்கு சார் வீணா டீசல் செலவு? ரெண்டு வீலையும் ஃப்ரீல வுட்டுக் குடுத்துட்டேன்.”

திங்கட்கிழமை காலை

நவம்பரில் ஞாயிறு முழுக்கக் கொட்டிய மழை திங்கள் விடிந்தும் விடவில்லை. காபியோடு வாசலில் நின்று, இந்நேரம் நாம் பார்த்துக் கொடுத்த ஜீப் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் என்று நினைத்தேன். ஆறு இருபதுக்கு டீச்சர் போன். தெரு முழுக்கத் தண்ணீர், வடிகாலுக்குத் தோண்டி மூடிய இடத்தில் பின்சக்கரம் இறங்கிவிட்டது, லீவரை இழுத்துவிட்டேன், விளக்கு எரிகிறது, வண்டி நகரவில்லை என்றார். பாடம் ஒப்பிப்பது போல வரிசையாகச் சொன்னார். ஹப் லாக் போட்டீர்களா என்று கேட்டேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டார். காபியை வாசற்படியில் வைத்துவிட்டு பைக் சாவியை எடுத்தேன். கிளம்பி ஓடலாம் என்றால் ராஜகீழ்ப்பாக்கத்திலேயே ரோடு தெரியவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் அப்போதுதான் திரும்பி வந்திருந்தார்.

இறங்கித்தான் ஆக வேண்டும் என்று சொன்னேன். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஜெயராஜ் சார் நான் இறங்குகிறேன் என்பதும், அந்தக் கையை நனைக்கக் கூடாது, பேசாமல் உட்காருங்கள் என்று டீச்சர் அதட்டுவதும் கேட்டது. எஞ்சினை நிறுத்தாதீர்கள் என்றேன். போன் ஜெயராஜ் சார் கைக்கு மாறியது. நான் சொல்வதை அவர் ஜன்னல் வழியாக டீச்சருக்குச் சொன்னார், டீச்சர் சொல்வதை எனக்குச் சொன்னார். முழங்காலுக்கு மேலே தண்ணீர், குமிழ் கண்ணுக்குத் தெரியவில்லை, கையை விட்டுத் தடவ வேண்டும். இடது பக்கக் குமிழ் திரும்பிவிட்டது என்றார். வலது பக்கம்தான் பள்ளம். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே ஒவ்வொரு அடியாக வைக்கச் சொன்னேன். நடுவில் ஒரு முறை டீச்சர் குரல் நின்றுபோனது. ஸ்டெல்லா, ஸ்டெல்லா என்று ஜெயராஜ் சார் கூப்பிட்டார். கால் வழுக்கியிருக்கிறது, எழுந்துவிட்டார். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வலது குமிழ் அசையவில்லை. சேறு இறுகியிருக்கும். சீட்டுக்கு அடியில் வீல் ஸ்பேனர் இருக்கிறது, அதன் பிடியால் ஓரத்தில் தட்டிவிட்டுத் திருகச் சொன்னேன். தண்ணீருக்குள் தட்டும் சத்தம் போனில் வரவில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எத்தனை நிமிஷம் என்று எனக்குத் தெரியாது. நான் கும்பிடாத சாமியையும் கும்பிட்டேன். பிறகு கதவு சாத்தும் சத்தம், எஞ்சின் உறுமல். நான் லாக் விழுந்ததா, லீவர் எதில் இருக்கிறது, எந்த கியர் என்று கத்தினேன். ஜெயராஜ் சார்தான் பதில் சொன்னார்.

“நகருது சார். நீங்க கொஞ்சம் பேசாம இருங்க, அவ ஓட்டட்டும்.”

ஆஸ்பத்திரி வாசலில்

தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் பைக்கை உருட்டியும் ஓட்டியும் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தேன். அவர்கள் ஐம்பது நிமிஷம் தாமதமாக வந்திருந்தார்கள். நர்ஸ் திட்டிவிட்டு மெஷினில் போட்டுவிட்டாராம். டீச்சர் வராந்தா பெஞ்சில் தொப்பலாக நனைந்த புடவையோடு உட்கார்ந்திருந்தார். வலது கை முட்டியெல்லாம் தோல் உரிந்து, யாரோ பஞ்சு ஒட்டியிருந்தார்கள். நான் தயார் செய்துகொண்டு போன மன்னிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஜீப்பை நானே விற்றுத் தருகிறேன், அந்தப் பெருங்களத்தூர் வண்டி இன்னும் இருக்கிறதா என்று கேட்கிறேன் என்றேன். வேண்டாம், இது இனிமேல் எனக்குத் தெரிந்த வண்டி என்றார். கோபமாகச் சொன்னால் தேவலை என்று இருந்தது. அவர் வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரனுக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார்.

“வண்டியை நல்லாத்தான் பார்த்தீங்க சார். அதை ஓட்டப்போறது யாருன்னுதான் பார்க்கல.”

இப்போதெல்லாம் பழசா புதுசா என்று கேட்டு வருபவர்களிடம், தண்ணீரில் இறங்கப்போவது நீங்களா உங்கள் வீட்டில் வேறு யாராவதா என்றுதான் முதலில் கேட்கிறேன், அதனால் பாதிப் பேர் திரும்பப் போன் செய்வதே இல்லை.