வலது கையால் நகர்த்து, வலது கையால் அமுக்கு

மாவட்டச் சதுரங்கப் போட்டிக்கு எங்கள் ஊரிலிருந்து ஓர் ஆள்தான் போகலாம் என்றார்கள். மிஞ்சியது இரண்டு பேர். நான் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரன். எதிரில் சின்ன காஞ்சிபுரத்துக் கணக்கு வாத்தியார், நெற்றி நிறைய நாமம். தறிக்காரனுக்கு மூளை எதற்கு என்று வாசகசாலையில் ஒருவன் கேட்டிருந்தான். அதற்காகவே நான் போயாக வேண்டும்.

ஆளுக்குப் பதினைந்து நிமிடம். மேசைமேல் இரட்டை முகக் கடிகாரம். காயை நகர்த்திப் பொத்தானை அமுக்கினால் எதிராளியின் நேரம் ஓடும்.

என் தொடக்கம் எப்போதும் ஒன்றுதான். நாலாவது நகர்த்தலில் ஒரு சிப்பாயைச் சும்மா கொடுத்துவிடுவேன். அதைத் தின்ன வரும் மந்திரியை விரட்டிக்கொண்டே என் ஆட்களை வெளியே இறக்குவேன். வாத்தியார் அந்தச் சிப்பாயை மூன்று நிமிடம் முறைத்தார். பிறகு தின்றார். எனக்குக் குஷி.

அடுத்த காயை நகர்த்திப் பொத்தானை அமுக்கியதும் நடுவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். தபால் ஆபீஸ் குமாஸ்தா. சட்டம் பேசுவதில் அந்த ஆளுக்கு அலாதி ருசி.

“இன்னாப்பா, வலது கையால நவுத்திட்டு இடது கையால அமுக்கினுகிற? ஒரே கைதான்.”

“ரெண்டும் என் கைதானே சார்?”

“இன்னொரு தபா செஞ்சா ஆட்டம் அவருக்குத்தான்.”

பட்டுத்தறியில் வலது கை நூல் சுற்றிய நாடாவை இழைகளுக்குள் விட்டால் இடது கை பிடிக்க வேண்டும். பத்து வயதிலிருந்து அதே வேலை. ஒரு கை அசைந்தால் மறு கை சும்மா இருக்காது. வேறு வழியில்லாமல் இடது கையைத் தொடைக்கடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

கடைசி நிமிடத்தில் குதிரையை வைத்துச் செக் சொன்னேன். அவர் ராஜாவுக்குப் போக்கிடமே இல்லை. சந்தோஷத்தில் எழுந்துவிட்டேன். இடது கை பாய்ந்து பொத்தானை அமுக்கியது.

“ரெண்டாவது தபா! போச்சு!” என்று நடுவர் கத்தினார். நான் சட்டைக் கையை மடித்தேன்.

வாத்தியார் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஓய், மேட் ஆயிடுத்து. ஆட்டம் அதோட முடிஞ்சுது. இனிமே அவர் காலால அமுக்கினாலும் உமக்கென்ன?”

நடுவர் முனகிக்கொண்டே என் பெயரை எழுதினார். வாத்தியாரை மட்டும் டீக்கடைக்குக் கூப்பிட்டேன்.

“நான் வெளியில ஒண்ணும் சாப்பிடறதில்லையே” என்றார்.

நல்ல மனுஷன்தான். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. இரண்டு டீ வாங்கி இரண்டையும் நானே குடித்தேன்.