இரண்டாவது அரஃபா

மலாக்காவின் காஜா பெராங்கில் மசாலாக் கடை வைத்திருந்த பக்கீர் மைதீனும் அவர் மனைவி ஜொஹரா நாச்சியாவும் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டது முதல் உலகப்போருக்குச் சில ஆண்டுகள் முன்பு. பிள்ளைகள் இல்லை. ஜொஹராவின் அண்ணன் ஷரீஃபுதீனும் கூட வந்தார். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டிப் பெண் சிவகாமியிடம் கொடுத்துவிட்டு, சிங்கப்பூர் போய் ஜித்தா கப்பல் ஏறினார்கள்.

ஏடனை நெருங்கும்போது கப்பலில் வயிற்றுக்கடுப்பு பரவியது. முதலில் விழுந்தவர்களில் பக்கீர் மைதீனும் ஒருவர். மல்லி வறுத்துக்கொண்டே வாடிக்கையாளர்களிடம் மக்காவுக்கு அருகே உள்ள அரஃபா வெளியைப் பற்றி ஓயாமல் பேசுகிற மனிதர் அவர். ஹஜ்ஜில் வேறு சில கடமைகள் தவறினால் பரிகாரம் உண்டு, அந்த ஒரு நாள் அரஃபாவில் நிற்கத் தவறினால் அந்த ஆண்டு ஹஜ்ஜே இல்லை என்று சொல்லிச் சொல்லி மாய்வார்.

"அரஃபாவுல நிக்காமலே போறேனே, ஜொஹரா" என்றார். குரல் அடங்கியிருந்தது.

"உங்களுக்காக நான் நிக்கிறேன். மனச விடாதீங்க."

மறுநாள் காலையில் இறந்தவருக்கான தொழுகை நடத்தி அவர் உடலைக் கடலில் இறக்கினார்கள். ஜொஹரா கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை பார்த்தாள். திரும்பிப் போய்விடலாமா என்று அண்ணன் கேட்டபோது, "எங்க திரும்புறது, காக்கா? மக்காவுக்குத்தானே வந்தோம்" என்றாள்.

மக்காவில் ஹஜ் பயணிகளுக்கு வழிகாட்டும் ஷெய்க்கிடம் போய், கணவர் பேரில் ஹஜ் செய்யப் போவதாக மலாயில் சொன்னாள். கிழவர் தாடியைத் தடவியபடி யோசித்தார்.

"நீ இதற்கு முன்னால் ஹஜ் செய்திருக்கிறாயா?"

"இல்லை."

"அப்படியானால் இந்த ஆண்டு உன்னுடையது. உன் கடமை முடிந்த பிறகுதான் இன்னொருவருக்காகச் செய்யலாம். ஒரே ஹஜ்ஜை இரண்டு பேருக்குப் பங்கு போட முடியாது, மகளே."

கொடுத்த வாக்கு கப்பலிலேயே பொய்யாகிப்போனது போல் அவளுக்கு இருந்தது. தனக்கான ஹஜ்ஜை முடித்தாள். அரஃபாவில் நின்று, துஆ கேட்டுக் கைகளை ஏந்தியபோது, அவருக்கு மன்னிப்புத்தான் கேட்க முடிந்தது. வெயில் சாய்ந்து கூட்டம் அடுத்த தங்குமிடமான முஸ்தலிஃபாவுக்குக் கிளம்பும்போது அவள் மனதில் ஒரு முடிவு வந்திருந்தது.

"காக்கா, நீங்க போங்க. நான் அடுத்த ஹஜ்ஜு வரைக்கும் இங்கதான் இருக்கப்போறேன்."

"பைத்தியமா உனக்கு? பொம்பள தனியா? எனக்கு பசார்ல கடை கிடக்குது."

"அதான் போங்கங்குறேன். அடுத்த வருஷம் வந்து என்னக் கூட்டிட்டுப் போங்க. வரலன்னாலும் நான் நிப்பேன்."

ஷரீஃபுதீன் கோபித்தார், அழுதார், பிறகு ஒப்புக்கொண்டார். மலாய்ப் பயணிகள் தங்கும் ஒரு வீட்டின் எஜமானி, தன்னைப்போலவே மலாய் பேசும் இந்த மலாக்காக்காரியைச் சேர்த்துக்கொண்டாள். கணவர் இறந்த பின் வீட்டோடு இருக்கும் இத்தா காலம் முடியும்வரை ஜொஹரா அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தாள். அதன்பின் அங்கேயே சமையலை ஏற்றாள். அரைப்பதற்குக் கல் சரியில்லை என்று சண்டை போட்டு வேறு கல் வாங்கவைத்தாள். கோடையில் காய்ச்சலில் படுத்தபோது, செத்துப்போனால் இரண்டு பேரின் காரியமும் கெட்டுவிடும் என்ற பயத்திலேயே கஞ்சியைக் குடித்து எழுந்தாள்.

சொன்னபடி அடுத்த ஆண்டு அண்ணன் வந்தார். இளைத்திருந்த தங்கையை முதலில் உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னார்.

இரண்டாவது முறை ஹஜ்ஜுக்கான இஹ்ராம் கட்டியபோது, பக்கீர் மைதீனுக்காக என்று அவர் பேரைச் சொல்லி நிய்யத் வைத்தாள். அரஃபாவில் மதியம் முதல் நின்றாள். கால் கடுத்தது. பாலை மணல் முகத்தில் அடித்தது. "கொஞ்சம் உட்காரும்மா, உட்கார்ந்தாலும் ஹஜ்ஜு கூடும்" என்றார் ஷரீஃபுதீன். அவள் கேட்கவில்லை. சூரியன் மறைகிற வரைக்கும் நின்றாள்.

காஜா பெராங் திரும்பியதும் கடையைத் தானே திறந்தாள். பள்ளிவாசல் பக்கத்திலிருந்து கடைக்கு வந்த ஒருவர், "செத்துப்போனவருக்கு ஹஜ்ஜு கிடைச்சிருக்குமா?" என்று கேட்டார்.

"ஏத்துக்கிறது அல்லாஹ்வோட வேலை. நான் போய் நின்னேன்" என்று சொல்லிவிட்டு, அவருக்கு வேண்டிய மிளகாய்த்தூளை நிறுத்துக் கொடுத்தாள் ஜொஹரா.