மெத்தைக்காரர் வீட்டுத் தரை

கோணி ஊசியும் கையுமாக இருபது வருடம் மெத்தை தைத்த மனிதருக்கு எந்தக் கஷ்டத்துக்கும் ஒரே மருந்துதான் தெரியும்: அடியில் இன்னும் கொஞ்சம் பஞ்சு வை. மாமனாருக்கு இடுப்பு வலியா, பஞ்சு. கதவு காற்றில் அடித்துக்கொள்கிறதா, இடுக்கில் பஞ்சு. தெருவில் எல்லோருக்கும் அவர் மெத்தைக்காரர்தான். சொந்தப் பெயர் வங்கிப் புத்தகத்தோடு சரி.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு மகள் பிறந்தாள். அவள் தவழ ஆரம்பித்த அன்றே வீடு முழுக்கச் சுவருக்குச் சுவர் மெத்தை விரித்துவிட்டார். மேசைக் காலுக்குக்கூட உறை தைத்துப் போட்டார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள்; இவருக்கோ கண்ணாடிக் குஞ்சு. வெளியே போனால் குழந்தையை இடுப்பை விட்டு இறக்கவே மாட்டார்.

நான்கு வயதில் அதற்கெல்லாம் பலன் கிடைத்தது. பாலர் பள்ளி ஆசிரியை அவரைக் கூப்பிட்டார்.

"மத்த பிள்ளைங்க ரெண்டு காலையும் சேர்த்துக் குதிக்குதுங்க. உங்க பாப்பாவுக்குக் கால் எழும்பவே மாட்டேங்குது. விளையாட்டு ஆரம்பிச்சா தனியா போய் உக்காந்துக்குது. வீட்ல நல்லா ஓடியாடிக் குதிக்க விடுங்க."

'தனியா' என்ற வார்த்தைதான் அவரைக் குத்தியது. அன்று மத்தியானமே பட்டறையில் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு, இருப்பதிலேயே உயர்ந்த பஞ்சில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மெத்தை தைத்தார். மகள் ஏறி நின்றாள், கணுக்கால் வரை புதைந்தாள், எம்பினாள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சரி, போதவில்லை போல என்று இன்னொரு அடுக்கு போட்டார். இப்போது நிற்கவே முடியவில்லை. ஒரு வாரம் இதே கூத்து.

"எனக்குக் குதிக்க வராதுப்பா," என்றாள் மகள். அழவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"ஏன் வராது? இங்க பாரு, இப்படித்தான்."

எண்பது கிலோ உடம்பைத் தூக்கிக்கொண்டு அவரே ஏறி எம்பினார். மறு நிமிடம் மல்லாந்து கிடந்தார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். வேலை முடிந்து வந்த மனைவி வாசலில் நின்று இதைப் பார்த்தாள். அவள் பஸ் கண்டக்டர்.

"ஓடுற பஸ்ல நாள் பூரா நிக்கிறவ நான்," என்றாள் அவள். "காலுக்கு அடியில கெட்டியா ஒண்ணு இருந்தாத்தான் உடம்பு நிக்கும். பஞ்சுல உதைச்சு யாருங்க எம்ப முடியும்? நீங்களே மல்லாந்து கிடக்கிறீங்க."

"தரையில விழுந்தா அடிபடுமே."

"படும்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்த வீட்டில் ஆடுகிறவள்மேல் ஒரு குற்றமும் இல்லை, நிஜமாகவே கூடம்தான் கோணல். கோணலாக்கியது பெற்ற அப்பன். மல்லாந்த நிலையிலேயே அது அவருக்குப் புரிந்தது. எழுந்து மெத்தைகளைச் சுருட்டிப் பட்டறைக்குத் தூக்கிப் போனார். மூன்று வருடத்துக்கு மேலாக யாரும் பார்க்காத சிமெண்டுத் தரை வெளியே வந்தது.

"ஜில்லுனு இருக்கு," என்று மகள் காலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். இரண்டு நாள் தொம் தொம்மென்று நடந்தாள். பிறகு ஓட்டம்தான். வீட்டை ஒட்டிய தன் பட்டறையில் தைத்துக்கொண்டிருந்த மெத்தைக்காரர் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கண் முன்னாலேயே இரண்டு கால்களும் சேர்ந்து மேலே எழும்பின. நான்கு விரற்கடை இருக்கும். இறங்கும்போது முழங்கால் தரையில் தேய்ந்து தோல் உரிந்தது. மெத்தைக்காரர் பாய்ந்தார். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் உதறிக்கொண்டு மகள் முன்னால் போய் மண்டி போட்டார்.

மகள் முழங்காலைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. கண்ணில் நீர் முட்டியது.

"வலிக்குதுப்பா," என்றாள். பிறகு அவர் தோளில் கையை வைத்து ஓரமாகத் தள்ளினாள். "நகருங்க. இன்னொரு தடவை குதிக்கணும்."

மெத்தைக்காரர் நகர்ந்துகொண்டார்.